மேடிசன் ஆற்றில் மாப்பிள்ளை பிடித்த மீன்

செப்டம்பர் 14, வெஸ்ட் யெல்லோஸ்டோன்

காலை ஆறு மணிக்குக் கிளம்புவது என்று முந்தின இரவே முடிவாகியிருந்தது. சால்ட் லேக் சிட்டியை விட்டு வண்டி நகர்ந்தபோது மணி எட்டரை. வீட்டைப் பூட்டினோமா என்று அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்ததும், மீன் அள்ளும் வலையை எடுத்து வைத்தோமா என்று வீட்டுக்காரர் இறங்கிப் போனார்.

அப்பா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அண்ணன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணிக் கரையில் மூங்கில் தூண்டிலும் மண்புழுவுமாக வளர்ந்தவர் அப்பா. இங்கே மால், பூங்கா, கோயில் என்று கூட்டிக்கொண்டு போனதில் எதிலும் முகம் மலரவில்லை. "ஆத்துல மீன் பிடிக்கப் போறோம் மாமா" என்று வீட்டுக்காரர் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்காரருக்கு இந்த ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம் கொரோனாக் காலத்தில் பிடித்தது. மெல்லிய கம்பு, கனமான நூல், நுனியில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. இருபது அங்குல பிரவுன் ட்ரவுட் மீன் ஒன்றைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவருடைய லட்சியம். அதற்கு மொன்டானாவில் மேடிசன் ஆற்றை விட்டால் வேறு இடமில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

வழியில் ஐடஹோ மாநிலம் முழுக்கக் காட்டுத்தீப் புகை. சூரியன் செம்பு நிறத்தில் தொங்கியது. சாலையோர ஓய்விடத்தில் தயிர்சாதமும் மாவடுவும். மாலை வெஸ்ட் யெல்லோஸ்டோனில் ஹக்கிள்பெரி ஐஸ்கிரீம், ஒன்று ஏழு டாலர். "அறநூறு ரூவாயா?" என்று அப்பா கையை இழுத்துக்கொண்டார். வாங்கிக் கொடுத்தபின் கூம்பின் அடிவரை சாப்பிட்டார்.

இரவு விடுதிக்காரப் பெண், சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியே வைக்காதீர்கள், கரடி வரும் என்றாள். அப்பா அன்றிரவு ஜன்னலைத் திறக்கவே விடவில்லை.

செப்டம்பர் 15, ஹெப்கன் அணை – எனிஸ்

காலையில் காரின் கண்ணாடியில் பனி உறைந்து கிடந்தது. சுரண்டுவதற்கு எதுவும் கொண்டுவரவில்லை. வீட்டுக்காரர் கடன் அட்டையால் சுரண்டினார்.

ஹெப்கன் ஏரியை ஒட்டிய சாலையில் போனால் அணை வருகிறது. 2021 நவம்பர் 30 அன்று இந்த அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து, கீழே ஆற்றில் தண்ணீர் திடீரென்று வற்றிப்போனது. பிரவுன் ட்ரவுட் முட்டையிட்டிருந்த சமயம். சுற்றுவட்டாரத்து மக்கள் வாளியோடு வந்து, குட்டைகளில் மாட்டித் துடித்த மீன்களை அள்ளி ஓடும் தண்ணீரில் விட்டார்கள். இதைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "அள்ளுனவன் ஒருத்தன்கூட வீட்டுக்குக் கொண்டு போகலியா?"

அணையைத் தாண்டினால் குவேக் லேக். 1959 ஆகஸ்ட் 17 இரவு பதினொன்றரை மணிவாக்கில் வந்த நிலநடுக்கத்தில் மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து ஆற்றை மறித்துவிட்டது. தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி. கரையில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். மூழ்கிச் செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றன. சரிந்த மலையின் மேலேயே பார்வையாளர் கூடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மதியம் எனிஸ் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பலகையில் மனிதர் 840, ட்ரவுட் 1 கோடியே 10 லட்சம் என்று எழுதியிருக்கிறது. வேடிக்கைக்குத்தான். ஆனால் ஊரே அந்தக் கணக்கை நம்பித்தான் பிழைக்கிறது. கடைக்குக் கடை மீன் படம், தெருவில் தூண்டில்காரன் சிலை, படகோடு நிற்கும் வண்டிகள். வழிகாட்டியோடு ஒரு நாள் படகில் போனால் அறுநூறு டாலருக்கு மேல். நாங்கள் கால்நடையாக ஆற்றில் இறங்கும் கட்சி. வெளி மாநிலத்தாருக்கான ஐந்து நாள் உரிமமே எல்லாக் கட்டணமும் சேர்த்து எழுபது டாலரைத் தாண்டியது. நானும் அப்பாவும் உரிமம் எடுக்கவில்லை. வேடிக்கை பார்க்கக் காசு கிடையாது.

தூண்டில் கடையில் ஒரு மணி நேரம். பொய்ப்பூச்சி ஒன்று மூன்று டாலர். சிறு தட்டுகளில் நூற்றுக்கணக்கில் பரப்பி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. அப்பா ஒன்றை உள்ளங்கையில் வைத்து, "இருநூத்தம்பது ரூவாய்க்கு ஒரு கொசு" என்றார். மண்புழு போட்டால் என்ன என்று கேட்டார். நாங்கள் போகும் பகுதியில் உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான் என்று வீட்டுக்காரர் விளக்கினார். "புழு தின்னாத மீனு என்ன மீனு மாப்ள?" அதற்குமேல் அப்பா பேசவில்லை. கடைச் சுவரில் இந்த ஆற்று மீன்களின் படத்தாள் ஒன்று மாட்டியிருந்தது. மாப்பிள்ளை பூச்சி பொறுக்கி முடிக்கும்வரை அதன் முன்னாலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

செப்டம்பர் 16, மூன்று டாலர் பாலம்

பெயரே அதுதான். ஒரு காலத்தில் பண்ணைக்காரருக்கு மூன்று டாலர் கொடுத்துவிட்டு அவர் நிலத்தின் வழியாக ஆற்றுக்குப் போவார்களாம். இப்போது உண்டியல் ஒன்று இருக்கிறது, விருப்பமிருந்தால் போடலாம். அப்பா ஐந்து டாலர் போடச் சொன்னார். ஐஸ்கிரீமுக்கு யோசித்த மனிதர் ஆற்றுக்கு யோசிக்கவில்லை.

மேடிசன் இந்த இடத்தில் ஆழமில்லை, ஆனால் வேகம். அடியில் தலையளவு உருண்டைக் கற்கள், அவற்றின் மேல் எண்ணெய் தடவிய மாதிரி பாசி. வீட்டுக்காரர் மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு இறங்கினார். பத்து நிமிடத்தில் ஒரு முறை வழுக்கி விழுந்து ஒரு கையுறையை ஆற்றுக்குக் கொடுத்தார். நானும் அப்பாவும் கரையில். காற்று மேற்கிலிருந்து அறைந்தது. அப்பா மங்கி குல்லாய்க்கு மேல் என் சால்வையையும் சுற்றிக்கொண்டார்.

காலை முழுக்க ஒன்றும் இல்லை. தக்கை மிதந்து போகும், எடுத்து மறுபடி மேலே வீசுவார், மறுபடி மிதந்து போகும். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தக் கல்லுக்குப் பொறத்தால தண்ணி மெதுவாப் போகுது பாருங்க மாப்ள. அங்கன போடுங்க" என்று கத்தினார். வீட்டுக்காரருக்குக் கேட்டதோ இல்லையோ, அங்கேதான் போட்டார். தக்கை சட்டென்று உள்ளே போனது.

கம்பு வளைந்த வளைவில் எனக்கே வயிற்றைக் கலக்கியது. மீன் துள்ளவில்லை. அடியிலேயே கிடந்து தலையை உதறியது. அந்த உதறல் கம்பு நுனிவரை தெரிந்தது. "துள்ளலேன்னா பெரிய பிரவுன்! பெரிய பிரவுன்தான் அடியில நிக்கும்!" என்று அவர் கூச்சல் போட்டார். நான் வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். அந்தக் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு முறை பக்கத்தில் வந்து, எங்களைப் பார்த்து, நூலை இழுத்துக்கொண்டு திரும்ப ஓடியது. ஒரு வழியாக வலைக்குள் வந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அளந்தால் பத்தொன்பதரை அங்குலம்!

முதுகு பழுப்பு, பக்கவாட்டில் மங்கின வெள்ளி. வாலுக்கு முன்னால் முதுகில் சதைப்பற்றான குட்டித் துடுப்பு. "இந்தத் துடுப்பு இருந்தா ட்ரவுட் சாதிதான்" என்று வீட்டுக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். அப்பா குனிந்து பார்த்தார். மீனின் முகத்தைப் பார்த்தார், செதிலை விரலால் தொட்டார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "நல்ல கனமான மீனு மாப்ள" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் போனில் படம் எடுத்து, 'இருபது அங்குல பிரவுன்' என்று எழுதி, அலுவலக வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். அரை அங்குலம் அவரே சேர்த்துக்கொண்டது. அங்கே சிக்னல் இல்லை. பக்கத்தில் கடிகாரக் குறி சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கரையோரமாக நாயோடு ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும், உடுப்பில் ஒட்டுமேல் ஒட்டு. மூவரையும் சேர்த்துப் படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொன்னார், முகத்துக்கு வெயில் படும்படி திரும்பச் சொன்னார், அப்பாவைக் குல்லாயைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். நாலைந்து படம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அருமையான வொயிட்ஃபிஷ். இவ்வளவு பெரிது நான் பார்த்து ரொம்ப நாளாகிறது."

வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பெரியவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். மூக்குக்குக் கீழே ஒதுங்கின சின்ன வாய். பிரவுனுக்குக் கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய். செதில் பெரிசு பெரிசாக இருக்கிறது. ட்ரவுட்டுக்குக் கைக்கே தட்டுப்படாது. வால் நன்றாகப் பிளந்திருக்கிறது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தக் குட்டித் துடுப்பு இருப்பதில் ஆச்சரியமில்லை, இதுவும் ட்ரவுட், சால்மன் குடும்பம்தான்.

"புள்ளி இல்லியேன்னு நானும் பாத்தேன்" என்றார் அப்பா தமிழில், மெதுவாக. கடையில் அவர் பார்த்துக்கொண்டு நின்ற படத்தாளில் ட்ரவுட் எல்லாவற்றுக்கும் புள்ளி, கடைசி வரிசையில் ஒன்றுக்கு மட்டும் இல்லையாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"நீங்க சந்தோசமா இருந்திய."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இருவருக்கும் பொதுவான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

இந்த மீன் மாட்டினால் முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம் என்றார் பெரியவர். அந்தக் காலத்தில் ட்ரவுட்டின் தீனியைத் தின்கிறது என்று சொல்லிக் கரையில் வீசிவிட்டுப் போவார்களாம். ட்ரவுட் விஷயத்தில்தான் விதிகள் கடுமை, இதை எடுத்துக்கொண்டு போகத் தடையில்லை, புகையில் வாட்டினால் நன்றாக இருக்கும் என்றார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா கல்லைக் கையில் எடுத்துவிட்டார். மண்டையில் ஒரே அடி.

அப்புறம் அதே இடத்தில் இன்னும் இரண்டு வொயிட்ஃபிஷ் மாட்டின. கூட்டமாகத் திரியும் மீன் போலிருக்கிறது. அவற்றை வீட்டுக்காரர் பேசாமல் விட்டுவிட்டார். எனிஸ் திரும்பும் வழியில் அவர் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது. சிக்னல் வந்து படம் போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டி அழிப்பதற்குள் ஏழு பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவர் மொன்டானாவில் பிறந்து வளர்ந்தவர். ஒரே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

செப்டம்பர் 17, எனிஸ் பக்கத்து மரவீடு

விடியற்காலையிலிருந்து மழை. ஒன்பது மணிக்கு அதில் பனியும் கலந்தது. ஆற்றுப்பக்கம் போகிற பேச்சே எழவில்லை. வீட்டுக்காரர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் வொயிட்ஃபிஷ் பற்றிப் படித்தார். படித்ததை எங்களுக்கும் வாசித்துக் காட்டினார், கொஞ்சம் தற்காப்பாகத்தான்.

பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1880களின் கடைசியில்தான் இந்தப் பக்கம் வந்தது. ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையிலிருந்து வந்தது. வொயிட்ஃபிஷ் ஆதியிலிருந்து இங்கேயே இருப்பது. ஊட்டி அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் 1907இல் ட்ரவுட் பண்ணை வைத்த கதை அப்பாவுக்குத் தெரியும். "அங்கயும் அதே கததான். ஊர் மீனைக் கண்டுக்க ஆளில்ல, வந்த மீனுக்கு லைசென்சு" என்றார். எனக்கும் அந்தப் பலகை ஞாபகம் வந்தது. ஒரு கோடிச் சொச்சம் ட்ரவுட்டைக் கணக்கெடுத்தவர்கள், இதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

ஆனால் 2016 ஆகஸ்டில் பக்கத்து யெல்லோஸ்டோன் ஆற்றில் ஓர் ஒட்டுண்ணி நோய் வந்து மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. செத்தவற்றில் பெரும்பாலும் வொயிட்ஃபிஷ்தான். நோய் பரவாமலிருக்க அரசு 183 மைல் ஆற்றை மூடிவிட்டது. தூண்டில் மட்டுமல்ல, படகு, நீச்சல் எல்லாவற்றுக்கும் தடை. யாரும் மதிக்காத மீன் செத்தபோது வழிகாட்டி, படகுக்காரர், விடுதிக்காரர் எல்லாருடைய வருமானமும் நின்றுபோயிருக்கிறது. இதை வாசிக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மீன் நேற்றிரவே பனிக்கட்டிப் பெட்டியில். காலையில் அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து கழுவினார். செதில் நகக்கண் அளவு, தெறித்து அவர் குல்லாயெல்லாம் மினுங்கியது. வயிற்றைக் கீறி, இரைப்பையைத் திறந்து எனக்குக் காட்டினார்: கறுப்புக் கறுப்பாகப் பூச்சிக் கூடுகள், பொடிக் கல். "பாத்தியா, இது அடித்தரையில மேயற மீனு. வாய் கீழ இருக்கும்போதே நெனச்சேன்." குடலைக் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தோம். பூனை ஒன்றுகூட இல்லாத ஊர் என்று அப்பாவுக்கு வருத்தம்.

அம்மா கொடுத்தனுப்பிய குழம்புப்பொடி அப்பாவின் பையில் எப்போதும் இருக்கும். புளி என் பையில். தேங்காய்க்கு ஊர்க் கடையில் கேட்டால் சர்க்கரை போட்ட துருவல்தான் இருந்தது. தேங்காய் இல்லாமல் திருநெல்வேலிக்காரர் மீன் குழம்பு சாப்பிட்டார் என்று ஊரில் சொல்லாதே என்றார் அப்பா. தலையும் நடுத்துண்டும் குழம்புக்கு, மீதி வறுவல்.

வறுக்க ஆரம்பித்ததும் புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. அப்பா துண்டை வீச, வீட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறிப் பொத்தானைத் தேட, நான் கதவைத் திறக்க, பனி உள்ளே வந்தது. ஐந்து நிமிடத்தில் வீட்டு உரிமையாளர் அம்மாள் மழைக்கோட்டோடு ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வாணலியை எட்டிப் பார்த்து, "வொயிட்ஃபிஷா? என் தாத்தா குளிர்காலம் முழுக்க இதைத்தான் புகை போடுவார்" என்றார். ஒரு துண்டு கொடுத்தோம். மிளகாயில் கண்ணீர் வழிய நின்றபடியே தின்று, இன்னொன்று கேட்டார்.

சதை வெள்ளை, லேசான இனிப்பு. முதுகுப் பக்கம் முள் அதிகம். எனக்கு வறுவல்தான் பிடித்தது. குழம்பில் மீன் கொஞ்சம் குழைந்துவிட்டது. அப்பா அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 18, வீடு திரும்பும் வழி

கிளம்பும் முன் வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் அவகாசம் கேட்டார். கொடுத்தோம். வார்னி பாலத்துக்குக் கீழே ஒரு பிரவுன் கிடைத்தது, பதினொரு அங்குலம் இருக்கும். வெண்ணெய் மஞ்சள் வயிறு, கறுப்புப் புள்ளி, நடுநடுவே வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. அழகுதான், சும்மா சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் படம் எடுக்காமல் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெருமூச்சு மட்டும் கேட்டது.

ஐடஹோவில் சாலையோரக் கடையில் பத்து பவுண்டு உருளைக்கிழங்கு மூட்டை. புகை கலைந்து வானம் தெளிந்திருந்தது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அப்பா அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். ஊரில் விடியற்காலை. அம்மா தலைமுடியை முடிந்துகொண்டே எடுத்தாள்.

"மாப்பிள்ள பெரிய ட்ரவுட்டு ஒண்ணு பிடிச்சாவ பாத்துக்கோ. ரெண்டு கிலோக்கு மேல இருக்கும். குழம்பு வச்சுத் தின்னோம்."

வீட்டுக்காரர் பெட்ரோல் குழாயைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"முள்ளு இருந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"மேல்பக்கம் கொஞ்சம் இருந்துச்சு" என்றார் அப்பா. "ஒன் பொடியிலதான் உப்பு கூடிப் போச்சு."